மீந்த காய்களில் நூடுல்ஸ்: குழையாமல், ஒட்டாமல், 20 நிமிடத்தில்

கேள்வி இது: ஃப்ரிட்ஜில் கால் முட்டைக்கோஸ், ஒன்றிரண்டு கேரட், பாதி குடைமிளகாய், முந்தின நாள் வதக்கி மீந்த பீன்ஸ் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. இவற்றைப் போட்டு அவசரத்துக்கு நூடுல்ஸ் கிளறினால், ஒவ்வொரு முறையும் காய் தண்ணீர் விட்டு, நூடுல்ஸ் குழைந்து, எல்லாம் ஒரே கட்டியாகிவிடுகிறது. சாஸைக் கூட்டினாலும் உப்புதான் ஏறுகிறது, ருசி ஏறவில்லை. எங்கே பிழை?

சாஸைச் சந்தேகிக்க வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். நூடுல்ஸ் வடித்தபின் தங்கிய ஈரம், காயைக் கழுவிய ஈரம், காய்க்குள்ளேயே இருக்கும் நீர், மேலே ஊற்றும் சாஸ், இத்தனையும் ஒரே நேரத்தில் வாணலிக்குள் இறங்கினால் வீட்டு அடுப்பு தாங்காது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது தெளிவாகும். கொதிநிலைக்கு வந்துவிட்ட 1 கிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் 3 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி வாணலிக்குள் போனாலே நல்லது. மீதி பக்கவாட்டில் காற்றோடு போய்விடும். அந்தக் கணக்கில் 50 மி.லி. தண்ணீர், அதாவது மூன்று டேபிள்ஸ்பூனுக்குச் சற்று மேல், வற்றுவதற்கு ஒன்றேகால் நிமிடம் ஆகிறது. அந்த ஒன்றேகால் நிமிடமும் தண்ணீரில் கிடக்கும் காயின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. காயும் நூடுல்ஸும் ஓரம் சிவந்து மணக்க 140 டிகிரியாவது வேண்டும். அதுவரை காய் வறுபடுவதில்லை, அவிந்துகொண்டிருக்கிறது. சரியாகக் கழுவி வடிக்காத கோஸிலும் நூடுல்ஸிலும் சேர்த்து 50 மி.லி. ஒட்டிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம்.

உணவகங்களில் வாணலிக்கென்றே இருக்கும் அடுப்புகள் வீட்டு பர்னரைப்போல ஏழெட்டு மடங்கு வெப்பம் தரக்கூடியவை. அங்கே சாஸை ஊற்றினால் அடி தொடுவதற்குள் சுண்டிவிடும். அதைப் பார்த்து வீட்டிலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தூக்கித் தூக்கிக் குலுக்குவது வீண் வேலை. வாணலியை அடுப்பிலிருந்து தூக்கும்போதெல்லாம் இருக்கிற சூடும் போகிறது. வீட்டில் செய்யக்கூடியது வேறு. தண்ணீரில் பெரும்பங்கை வாணலிக்கு வெளியிலேயே கழிக்க வேண்டும்; மிச்சத்தைச் சிறு தவணைகளாக உள்ளே விட வேண்டும்.

அளவுகள்

இருவருக்கு, ஒரே தடவை வறுப்பதற்கான கணக்கு இது. டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி.

உலர்ந்த கோதுமை நூடுல்ஸ் 150 கிராம் (வேகவைத்தால் ஏறக்குறைய 350 கிராம் ஆகும்).
நறுக்கிய காய்கள், எல்லாம் சேர்த்து 250 கிராம்.
மணமில்லாத எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், தனியாக 2 டீஸ்பூன்.
பூண்டு 4 பல், இஞ்சி கட்டைவிரல் நுனியளவு, விருப்பப்பட்டால் பச்சை மிளகாய் 1.
சாதாரண சோயா சாஸ் ஒன்றரை டேபிள்ஸ்பூன்.
மிளகாய் சாஸ் 1 டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், பொடித்த மிளகு அரை டீஸ்பூன்.
வினிகர் 1 டீஸ்பூன், தனிக் கிண்ணத்தில்.
வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி.

250 கிராம் காய் என்பதை மீற வேண்டாம். மீந்ததைத் தீர்க்கும் நோக்கத்தில் 400, 500 கிராம் என்று போடுவதுதான் இந்த உணவில் நடக்கும் முதல் தப்பு. காய் மிகுந்துவிட்டால் மிகுந்த பங்கைத் தனியே வதக்கிப் பக்கத்தில் வையுங்கள். நான்கு பேருக்கு வேண்டுமென்றால் அளவை இரட்டிப்பாக்கி ஒரே வாணலியில் கொட்டாமல், இதையே இரண்டு முறை செய்யுங்கள். இரண்டாவது முறைக்கு 5 நிமிடம்தான் கூடுதல்; தயார் வேலை எல்லாம் ஒரே தடவையில் முடிந்திருக்கும்.

நூடுல்ஸ்

கோதுமை நூடுல்ஸுக்கு 100 கிராமுக்கு 1 லிட்டர் வீதம் தண்ணீர் கொதிக்க வேண்டும். லிட்டருக்கு 1 டீஸ்பூன் உப்பு. தண்ணீர் குறைந்தால் நூடுல்ஸிலிருந்து கரையும் மாவு அதிலேயே தங்கி, கஞ்சியாகி, இழைகளின் மேல் பசையாகப் படியும். போட்டதும் முதல் அரை நிமிடம் இடுக்கியாலோ முள்கரண்டியாலோ பிரித்துவிடுங்கள். ஒட்டுவது பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தில்தான். அதில் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை, எண்ணெய் மேலே மிதக்கும், இழைகள் கீழே ஒட்டும்.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்து எடுங்கள். ஓர் இழையை நறுக்கிப் பார்த்தால் நடுவில் ஊசிமுனையளவு வெள்ளைப்புள்ளி தெரிய வேண்டும். அந்தக் குறை வாணலியில் சாஸை உறிஞ்சும்போது நிரம்பிவிடும். உடனே வடிதட்டில் கொட்டி, ஓடும் குளிர்ந்த நீரில் கையால் அலசுங்கள். இதனால் வேகுவது நிற்கிறது. மேலே படிந்த மாவும் போய்விடுகிறது. பாஸ்தாவைச் சாஸில் பிரட்டும்போது அந்த மாவு வேண்டும், அதனால் அலசக்கூடாது என்பார்கள், அது சரியே. வறுக்கும் நூடுல்ஸுக்கு அந்த மாவுதான் எதிரி.

இதற்கு அடுத்த கட்டத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வடிதட்டை நன்றாக உதறி, நூடுல்ஸை அகலமான தட்டில் அல்லது சுத்தமான துணியில் பரப்புங்கள். குறைந்தது 10 நிமிடம் காயட்டும். தொட்டால் கையில் நீர் ஒட்டக்கூடாது. பிறகு 1 டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறி வையுங்கள். காய் நறுக்கும் நேரத்தில் இது தானாக நடந்துவிடுவதால், முதலில் நூடுல்ஸ், பிறகு கத்தி என்ற வரிசையே வசதி.

முன்யோசனை இருந்தால் நூடுல்ஸை முந்தின இரவே வேகவைத்து, எண்ணெய் பிசறி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். சூட்டில் இளகிய மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகும். மேல்பரப்பின் ஈரமும் குறையும். அப்படி இறுகிய நூடுல்ஸ் வாணலியில் உடையாது, ஒட்டாது. வறுப்பதற்கு உண்மையில் இதுவே மேல். மறுநாள் கட்டியாக வந்தால் பதறி விரலால் பிய்க்க வேண்டாம். வெந்நீரை மேலே ஊற்றி அரை நிமிடத்தில் வடித்துப் பரப்பினால் பிரியும்.

எல்லா நூடுல்ஸுக்கும் இந்த முறை பொருந்தாது. அரிசி நூடுல்ஸில் கோதுமையின் குளூட்டன் என்ற இழுபடும் புரதம் இல்லை, அதனால் கொதிக்கவைத்தால் வறுக்கும்போது துண்டு துண்டாகும். அடுப்பில் ஏற்றாமல் வெதுவெதுப்பான நீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறவையுங்கள். விரலில் சுற்றினால் வளைய வேண்டும், கடித்தால் நடுவில் விறைப்பு இருக்க வேண்டும். வாணலியில் போட்டபின் 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து அதில் வேகவிடுங்கள். தண்ணீரை இவ்வளவு திட்டிவிட்டு இங்கே ஊற்றச் சொல்வதற்குக் காரணம், இந்த நூடுல்ஸ் பாதி வேகாமலேயே வாணலிக்கு வருகிறது, ஊற்றியதை உடனே குடித்துவிடும். பாசிப்பயறு மாவில் செய்யும் கண்ணாடி நூடுல்ஸுக்கு வெந்நீரில் 10 நிமிட ஊறல் போதும்.

இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வேறு வகை. 1958-இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ அறிமுகப்படுத்திய முறையில், ஆவியில் வெந்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்துகிறார்கள். பொரியும்போது உள்ளிருந்த நீர் ஆவியாகி வெளியேறி நுண்ணிய துளைகளை விட்டுப்போகும். அதன் வழியேதான் வெந்நீர் விரைவாக ஏறுகிறது. ஏற்கெனவே வெந்தது என்பதால் கொதிநீரில் ஒன்றரை நிமிடம் போதும், 2 நிமிடம் என்றாலே அதிகம். இழை பிரிந்த கணத்தில் எடுத்து அலசிவிடுங்கள். எண்ணெய் அதற்குள்ளேயே இருப்பதால் பிசறும் எண்ணெய் வேண்டாம். மசாலாப் பொட்டலத்தைப் போடுவதானால் பாதி போட்டு, சோயா சாஸையும் பாதியாக்குங்கள்; இரண்டும் முழுதாகச் சேர்ந்தால் உப்பு கரிக்கும்.

வீட்டில் ஸ்பெகெட்டி மட்டும் இருந்தால் அதுவும் ஆகும். கொதிக்கும் நீரில் உப்புக்குப் பதில் லிட்டருக்கு 2 டீஸ்பூன் சமையல் சோடா போட்டு வேகவைத்தால், காரத்தன்மையால் இழைக்கு நூடுல்ஸின் மஞ்சள் சாயலும் துள்ளலும் வந்துவிடும். சோடா போட்டதும் நுரை பொங்கும், பெரிய பாத்திரம் வையுங்கள். வடித்தபின் இரண்டு முறை அலசாவிட்டால் சோப்புச் சுவை தங்கும்.

காய்

மீந்த காய் என்பதில் இரண்டு வகை கலந்திருக்கிறது: சமைக்காமல் மீந்தது, சமைத்து மீந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வாணலியில் போட்டால் ஒன்று பச்சையாகவும் மற்றது கூழாகவும் முடியும்.

சமைக்காத காயில் முதலில் பார்க்க வேண்டியது அது வாடியதா, கெட்டதா என்பது. வளைந்து கொடுக்கும் கேரட், தொய்ந்த கோஸ், சுருங்கிய பீன்ஸ் எல்லாம் நீரை இழந்தவை மட்டுமே. குளிர்ந்த நீரில் 20, 30 நிமிடம் போட்டால் செல்களுக்குள் நீர் ஏறி மறுபடி விறைக்கும். பிறகு ஈரம் போகத் துடைத்து நறுக்கலாம். வழவழப்பு, புளித்த வாடை, பூஞ்சை இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். கேரட் போன்ற கெட்டிக் காயில் ஒரு சிறு பூஞ்சைப்புள்ளி என்றால் அதைச் சுற்றிலும் ஆழத்திலும் இரண்டரை செ.மீ. விட்டு வெட்டலாம், மென்மையான காயில் அந்தச் சலுகை கிடையாது.

நறுக்குவது நீளமாக இருக்கட்டும்: 4, 5 செ.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன். நீளத் துண்டு நூடுல்ஸோடு சுற்றிக்கொண்டு வரும். சதுரத் துண்டு நழுவி அடியில் போய்ச் சேரும். பட்டாணி, சோளமணி போன்றவற்றைக் கைப்பிடிக்கு மேல் போடாததும் இதனால்தான். கோஸின் தடித்த நரம்பைச் செதுக்கி எடுத்து மெல்லியதாக அரிந்து கேரட்டோடு சேர்த்துவிடுங்கள். இலையோடு போட்டால் இலை வெந்தும் நரம்பு வேகாது.

மூன்று கிண்ணம் வையுங்கள். முதலாவதில் கெட்டிக் காய்: கேரட், பீன்ஸ், காலிஃப்ளவர், ப்ரோக்கோலித் தண்டு. இவற்றுக்கு இரண்டு நிமிடம். அடுத்ததில் கோஸ், குடைமிளகாய், வெங்காயம், ஒரு நிமிடம். கடைசியில் முளைகட்டிய பயறு, கீரை. இவை அடுப்பை அணைக்கும் முன் 20, 30 நொடி பட்டால் போதும். காலிஃப்ளவர் பூ 2 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் வேகாது. அதைச் சிறிதாக்குங்கள், அல்லது கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்து உலர்த்துங்கள்.

காயில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட அதை எவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்பதே இங்கே கணக்கு. கேரட்டிலும் எடையில் 88 சதவீதம் நீர்தான். ஆனால் இறுகப் பிடித்து வைத்திருக்கும். காளானில் 92 சதவீதம். சூடு பட்டதும் மொத்தத்தையும் கொட்டிவிடும். அதனால் காளான் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால், எண்ணெய் கூட இல்லாத சூடான வாணலியில் போட்டு, நீர் விட்டு, அது வற்றி, ஓரம் சிவக்கும்வரை 4 நிமிடம் வறுத்து எடுத்து வையுங்கள். உறைந்த காயும் இதே மாதிரி நீர் விடும். உறைந்தபோது பனித்துகள்கள் செல்சுவரைக் கிழித்திருக்கும். அதை முன்கூட்டியே இளகவிட்டு, வடித்து, துணியில் ஒற்றிப் போடுங்கள். வெண்டைக்காய் இருந்தால் தனியாக வழுவழுப்புப் போக வறுத்துக் கடைசியில் சேருங்கள்.

சேராத காய்களும் உண்டு. சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி, தக்காளிச் சதை ஆகியவை நீர்க்காய்கள். இந்தப் பக்கமே வேண்டாம். உருளைக்கிழங்கு மாவு விட்டு ஒட்டும். கத்தரிக்காய் எண்ணெயைக் குடித்துவிட்டுக் குழையும். பீட்ரூட் ருசியில் குறையில்லை, ஆனால் தட்டு முழுக்க ஒரே நிறம். அதை ஏற்றுக்கொண்டால் போடலாம்.

சமைத்து மீந்த காய்க்கு வறுபடும் நேரம் தேவையில்லை, சூடாகும் நேரம்தான் தேவை. ஃப்ரிட்ஜிலிருந்து அரை மணி முன்பே எடுத்து வெளியே வைக்கும் பழக்கம் வேண்டாம். நேரே எடுத்து, அடியில் தேங்கிய நீரை வடித்து, நூடுல்ஸ் பாதி வறுபட்டபின் சேர்த்து, ஆவி பறக்கும்வரை கிளறுங்கள். மையத்தில் 75 டிகிரியைத் தொட வேண்டும். அதில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் சோயா சாஸை ஒரு டேபிள்ஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குழம்பில், கூட்டில் வெந்த காயை அலசிப் போடும் யோசனை வேண்டாம். மசாலா அடிப்பிடிக்கும், காயும் உருவில்லாமல் போகும்.

ஒரு முக்கியமான தடை: வாணலியில் காய்க்குத் தனியாக உப்பு போடாதீர்கள். உப்பு பட்டதும் காய் நீரை வெளியே விடும். நூடுல்ஸ் வெந்த நீரின் உப்பும் சாஸின் உப்பும் சேர்ந்தே போதுமான அளவு வந்துவிடும். சாதாரண சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூனில் 2 முதல் 2.5 கிராம் வரை உப்பு இருக்கிறது. ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதோடு ஒப்பிட்டால் கண்ணளவில் சோயா சாஸ் ஊற்றுவது ஏன் ஆபத்து என்பது புரியும்.

வாணலியும் எண்ணெயும்

இரும்பு வாணலி சிறந்தது, அகலம் 28 செ.மீ.யாவது இருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் தட்டையான அடி கட்டாயம். குழிந்த வாணலியின் நடுப்புள்ளி மட்டுமே அதில் சூடேறும். நான்ஸ்டிக்கில் இந்த முறையை அப்படியே செய்ய வேண்டாம். வெறும் சட்டியாக உச்சத் தீயில் சில நிமிடம் விட்டால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும் 260 டிகிரியை எளிதில் எட்டிவிடும். நான்ஸ்டிக்தான் இருக்கிறதென்றால் எண்ணெயைச் சட்டி குளிர்ந்திருக்கும்போதே விட்டு, நடுத்தரத் தீக்குச் சற்று மேல் வைத்து, ஒவ்வொரு தவணையையும் இன்னும் சிறிதாக்குங்கள். ஓரம் சிவப்பது குறையும், ஆனால் குழையாது.

சுத்திகரித்த கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவும் சரி. இவை 220 டிகிரிக்கு மேல்தான் புகையும். வறுத்த எள்ளில் எடுத்த அடர்நிற எள்ளெண்ணெய் சமைக்க அல்ல, மணத்துக்கு. அடுப்பை அணைத்தபின் அரை டீஸ்பூன்.

வறுக்கும் வரிசை

அடுப்பைப் பற்றவைக்கும்போது எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சோயா சாஸ், மிளகாய் சாஸ், சர்க்கரை மூன்றையும் ஒரே கிண்ணத்தில் கலந்து சர்க்கரை கரையும்வரை கலக்கி வையுங்கள். வாணலி தீயில் இருக்கும்போது பாட்டில் மூடியோடு போராடும் அரை நிமிடத்தில் பூண்டு கருகிவிடும்.

வெறும் வாணலியை முழுத் தீயில் 2 முதல் 3 நிமிடம் காய்ச்சுங்கள். ஒரு சொட்டு நீர் தெளித்தால் அது உருண்டு ஓட வேண்டும். சுருசுருவென்று அதே இடத்தில் காய்ந்தால் இன்னும் சூடு போதாது. 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். முட்டை போடுவதென்றால் இப்போது இரண்டு முட்டையை அடித்து ஊற்றி, 30 நொடியில் பெரிய துண்டுகளாகக் கலைத்து எடுத்துவிடுங்கள். டோஃபு, பனீர் என்றால் துணியில் ஒற்றி, இரண்டு பக்கம் சிவக்க வைத்து எடுத்துவிடுங்கள். கடைசியில் திரும்பி வரட்டும்.

கெட்டிக் காயைப் போடுங்கள். போட்டதும் கிளற வேண்டாம்; 20 நொடி அப்படியே விட்டு, பிறகு புரட்டி, மறுபடி 20 நொடி விடுங்கள். ஓயாமல் கிளறினால் எந்தத் துண்டும் வாணலியைத் தொட்டபடி இருக்காது. காதையும் கொடுங்கள்: சடசடவென்ற ஒலி தொடர்ந்தால் சரி, கொதிக்கிற மாதிரி மெல்லிய ஒலி வந்தால் நீர் சேர்ந்துவிட்டது, தவணை பெரிதாகிவிட்டது. ஒரு நிமிடம் ஆனதும் இரண்டாவது கிண்ணத்தைச் சேர்த்து இன்னொரு நிமிடம். அடுப்பு சிறியதென்றால் சேர்க்காமல், முதலாவதற்கு முழு இரண்டு நிமிடம் கொடுத்து எடுத்துவிட்டு இரண்டாவதைத் தனியாக வறுங்கள். காய் முக்கால் பதம் வந்ததும் எல்லாவற்றையும் தட்டுக்கு மாற்றுங்கள். தட்டில் இருக்கும்போதும் உள்ளிருக்கும் சூட்டில் அது கொஞ்சம் வேகும்; முழுப் பதத்தில் எடுத்தால் கடைசியில் துவண்டு கிடக்கும்.

வாணலியை மறுபடி நன்றாகச் சூடாக்கி, மீதி 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, நூடுல்ஸைப் போட்டுப் பரப்புங்கள். ஒரு நிமிடம் தொட வேண்டாம். அடியில் ஆங்காங்கே பொன்னிறம் வந்திருக்கும். புரட்டி இன்னும் அரை நிமிடம். கரண்டியால் குத்திக் கிளறாமல், இரண்டு கரண்டியால் அடியிலிருந்து தூக்கிப் பிரித்தால் இழை உடையாது. நூடுல்ஸ் வாணலியில் ஒட்டினால் இழுத்துப் பிய்க்காதீர்கள். சூடு போதாததால் ஒட்டியிருக்கும். இன்னும் 20 நொடி விட்டால் மேல்பரப்பு காய்ந்து தானே விடும்.

நூடுல்ஸை ஓரமாக ஒதுக்கி, நடுவில் 1 டீஸ்பூன் எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய பூண்டு, இஞ்சி, மிளகாயைப் போட்டு 15 நொடி. பல குறிப்புகளில் பூண்டை முதலில் புகையும் எண்ணெயில் போடச் சொல்லியிருப்பார்கள். அடுத்த பொருள் அடுத்த நொடியே விழும் உணவக வேகத்துக்கு அது சரி. வீட்டில் அந்தப் பூண்டு காயோடு நாலைந்து நிமிடம் கிடந்து கருகி, கசப்பை எல்லாவற்றிலும் ஏற்றிவிடும்.

மணம் எழுந்ததும் காயைத் திருப்பிப் போட்டு, சாஸ் கலவையை நூடுல்ஸின் மேல் ஊற்றாமல் வாணலியின் சூடான ஓரத்தைச் சுற்றி விடுங்கள். அங்கே அது பொங்கிச் சுண்டி, லேசாகக் கருகிய இனிப்பு மணத்தோடு இறங்கும். நேரே நூடுல்ஸில் விழுந்தால் விழுந்த இடம் மட்டும் கறுத்து, உப்பாகி, மற்ற இடம் வெளுத்திருக்கும். 30 முதல் 40 நொடி தூக்கிப் புரட்டுங்கள். கீரை, முளைப்பயறு இருந்தால் இந்த நேரத்தில். அடுப்பை அணைத்துவிட்டு வினிகர், மிளகு, வெங்காயத்தாள்.

வினிகரைக் கடைசிக்கு ஒதுக்குவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் உண்டு. அதன் மணம் சூட்டில் பறந்துவிடும். முன்னாலேயே போட்டால் புளிப்பு பச்சைக் காயின் பசுமையை மங்கச் செய்து சாணிப்பச்சையாக்கும். வேகாத கெட்டிக் காய் புளிப்பில் இளகவும் மறுக்கும். தக்காளி கெச்சப் சேர்ப்பவர்களுக்கும் இதே விதி, கூடவே அதன் சர்க்கரை அடிப்பிடிக்கும் என்பது வேறு.

அடர்நிற சோயா சாஸ் நிறத்துக்கானது. அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் கருகிய வெல்லச் சுவை மேலோங்கும். சோளமாவு கரைசல் இந்த உணவில் தேவையே இல்லை. நீர் விட்ட காயை அதைப் போட்டு மறைக்கப் பார்ப்பார்கள். களி மாதிரிதான் வரும். ருசி ஏறவில்லை என்று தோன்றினால் சாஸைக் கூட்டுவதற்கு முன் கால் டீஸ்பூன் சர்க்கரையும் சில சொட்டு வினிகரும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான்.

ஏற்கெனவே கெட்டுவிட்டதென்றால்

வாணலியில் நீர் தேங்கிவிட்டால், தீயைக் கூட்டிக் காத்திருப்பது காயைக் குழைக்கும். எல்லாவற்றையும் வடிதட்டில் கொட்டி, நீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து, வாணலியைத் துடைத்துச் சூடாக்கி, காயைப் பாதிப் பாதியாகத் திரும்பப் போடுங்கள். பிடித்த நீரில் ருசி இருக்கிறது. அதைத் தனியாக 1 டேபிள்ஸ்பூன் ஆகும்வரை சுண்டவைத்துச் சாஸோடு சேர்க்கலாம்.

நூடுல்ஸ் அதிகம் வெந்துவிட்டதென்றால் கிளறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். எண்ணெய் விட்ட வாணலியில் வட்டமாக அழுத்திப் பரப்பி, நடுத்தரத் தீயில் 4, 5 நிமிடம் அசையாமல் மொறுமொறுப்பாக்கித் திருப்பிப் போட்டு, காயைத் தனியாக வறுத்து மேலே வையுங்கள். குழைந்த நூடுல்ஸுக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது. உப்பு கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றாமல், உப்பில்லாத கோஸோ முளைப்பயறோ ஒரு கைப்பிடி வறுத்துச் சேருங்கள், அல்லது உப்பு போடாத முட்டை ஒன்று. எண்ணெய் வடிகிறதென்றால் பெரும்பாலும் குளிர்ந்த வாணலியில் தொடங்கி, ஒட்டும்போதெல்லாம் எண்ணெய் ஊற்றியிருப்பீர்கள். தட்டில் காகிதம் விரித்து ஒரு நிமிடம் போட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை.

மறுநாளைக்கு

வெந்த நூடுல்ஸை அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. மாவுச்சத்து உணவுகளில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். அது வெளியிடும் வாந்தி உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் 'நன்றாகச் சுடவைத்துவிட்டேனே' என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. மீந்ததை ஆழமான பாத்திரத்தில் குவிக்காமல் தட்டையாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, 5 டிகிரிக்குக் கீழ் வைத்து, மூன்று நாளுக்குள் முடியுங்கள். அதில் சேர்ந்த காய் ஏற்கெனவே ஒருமுறை சமைத்து மீந்தது என்றால் அந்த மூன்று நாளை முதல் சமையலிலிருந்து எண்ண வேண்டும். சூடாக்கும்போது மைக்ரோவேவை விட வாணலி நல்லது: 1 டீஸ்பூன் எண்ணெய், 1 டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் மூடி, பிறகு மூடியைத் திறந்து ஒரு நிமிடம் முழுத் தீயில்.